ஒத்திலியா பாய்ச்சிய தண்ணீர்

ஒத்திலியாவைப் பற்றி எங்கள் சான் எலியாஸ் ஊரில் இன்றைக்கும் சிலர், "புருஷனக் கொன்னவனுக்கே தண்ணி பாய்ச்சுனவ" என்று சொல்வதுண்டு. அப்படிச் சொன்ன ஒருத்தியைச் சந்தை நடுவில் தக்காளிக் குவியலின் மேல் தள்ளித் தலைமுடியைப் பிடித்து ஆட்டியிருக்கிறேன். இன்னொருத்தி சொல்லட்டும், அவளுக்கும் அதே மரியாதைதான். ஆனால் அடிப்பதற்கு முன் முழுக்கதையையும் ஒரு தடவை சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நான் செனாய்தா. அவகாடோ பறிக்கிறவள். நீளக் கழியின் நுனியில் கத்தியும் துணிப்பையும் கட்டி, நாள் முழுக்கக் கழுத்தை அண்ணாந்துகொண்டு நிற்கிற வேலை. என் மகளுக்கு ஞானத்தாயாக நின்றவள் ஒத்திலியா. அதனால் அவள் எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொமாத்ரே. கூடப் பிறந்தவள் மாதிரிதான். சண்டையும் அந்த அளவுக்கு உண்டு.

ஆள் குள்ளம். கோபம் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. ஒரு கோடையில் வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்ட பக்கத்துத் தோட்டக்காரனை மண்வெட்டிக் காம்பாலேயே அடித்து, முன்பல்லைக் கையில் கொடுத்து அனுப்பியவள். ஆனால் அவள் கட்டிக்கொண்ட பிலேமோன் சாது. ஒட்டுக்கட்டுகிற சின்னக் கத்தி எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். கிளைக்குக் கிளை சீட்டி அடித்துக்கொண்டே போவான். இவள் கத்தினால் அவன் சீட்டி இன்னும் கொஞ்சம் சத்தமாக வரும், அவ்வளவுதான்.

நான் பறிக்கப் போகிற அவர்கள் தோட்டம் மலையடிவாரப் பள்ளத்தில் இருந்தது. மேல்மண் மாவு மாதிரி. இடுப்பளவு ஆழத்தில் செங்கல் போல ஒரு கெட்டிப் படலம், தோட்டம் பூராவும். கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். தண்ணீர் அதைத் தாண்டிக் கீழே இறங்காது, அங்கேயே தேங்கி நிற்கும். அதனால் பிலேமோன் வரிசைக்கு வரிசை வடிகால் வெட்டி, அதில் சருகு அடையாமல் பார்த்துக்கொள்வான். "அவகாடோவுக்குத் தாகம் ஜாஸ்தி. ஆனா குளிக்கவே பிடிக்காது, என் பொண்டாட்டி மாதிரி" என்பான். ஒத்திலியா கையில் கிடைத்ததை எடுத்து எறிவாள்.

இடக்கையன் என்று எல்லோரும் சொல்கிற கும்பல் தலைவன் வந்தது அறுவடைக்கு நடுவில், பட்டப்பகலில். அவன் வெயில் நாட்டுக்காரன். கீழே தாழ்நிலத்தில் எலுமிச்சைத் தோட்டங்களை மிரட்டிப் பிடுங்கித் தின்று பெருத்தவன். அவகாடோ பச்சைத் தங்கம், வெளிநாட்டுக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு மலையேறி வந்துவிட்டான். நாலைந்து வண்டி நிறையத் துப்பாக்கி.

"தோட்டத்த எழுதிக் குடுத்துட்டு நீயும் வேலைக்கு நில்லு" என்றான்.

பிலேமோன் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "முடியாதுங்க" என்றான். திட்டவில்லை, கத்தவும் இல்லை. ஒரே வார்த்தை.

எங்களை எல்லாம் சருகில் முகம் பதியக் குப்புறப் படுக்க வைத்தார்கள். என் கழியாலேயே பிலேமோனின் வலது கையை அடித்து நொறுக்கினார்கள். எலும்பு உடையும் சத்தம் எனக்குக் கேட்டது. "இப்ப ஒட்டுக்கட்டுடா பாப்போம்" என்று ஒருவன் சிரித்தான். ஒத்திலியா எழுந்து பாய்ந்தாள். துப்பாக்கிக் கட்டையால் அவள் வாயில் குத்தினார்கள். அப்புறம் பிலேமோனைச் சுட்டார்கள். ஒன்று இல்லை, துப்பாக்கி காலியாகிற வரைக்கும்.

பிறகு ஒரு பொக்லைன் உள்ளே வந்தது. என் கழுத்தில் ஒருவனுடைய பூட்ஸ் கால் இருந்தது, திரும்ப முடியாது. சத்தம் மட்டும் கேட்டது. முதலில் மேல்மண்ணை அள்ளும் பொத்பொத்தென்ற சத்தம். அப்புறம் கெட்டிப் படலத்தில் இயந்திரத்தின் பல் உரசி, கிரீச்சென்று பல் கூசுகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஏதோ உடைந்தது. எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரியவில்லை, பள்ளத்தில் சத்தம் எல்லாப் பக்கமும் மோதித் திரும்பும். முடிந்ததும் பொக்லைனைத் தோட்டம் பூராவும் ஓட்டி, எல்லா வரிசையிலும் மண்ணைச் சுரண்டிவிட்டு, சருகை இழுத்து மூடிவிட்டார்கள். எழுந்து பார்த்தால் பிலேமோனை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாதபடி பூமி முழுக்க ஒரே மாதிரி.

பிலேமோனின் அண்ணன் எலிசேயோ மறுவாரம் ஒரு இரும்புக் கம்பியோடு தம்பியைத் தேடி உள்ளே போனான். அவனைத் தோட்டத்து வாசல் கேட்டிலேயே தொங்கவிட்டார்கள். இறக்க விடவில்லை, பல நாள் தொங்கினான். நாங்கள் இடக்கையனிடம் வேலைக்குப் போகும்போது அவன் காலுக்கு அடியில்தான் நுழைந்து போனோம். அதற்குப் பிறகு மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போக எவனுக்குத் துணிச்சல் வரும்?

வாய் வீக்கம் வடிவதற்குள் ஒத்திலியா இடக்கையன் முன்னால் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"எலும்பையாவது குடுங்க பட்ரோன். கல்லறையில வெச்சுக்கறேன். வேற எதுவும் கேக்கல."

பட்ரோன், அதாவது முதலாளி, என்றுதான் அவனைக் கூப்பிட வேண்டும். அவன் ஒரு பழத்தைக் கீறி, உப்புத் தூவி, கத்தி நுனியால் தோண்டித் தின்றுகொண்டிருந்தான். "எங்க போட்டானுங்கன்னு எனக்கு என்ன தெரியும்? பொக்லைன் ஓட்டுனவனும் இப்ப உசுரோட இல்ல. உன் புருஷன் எந்த மரத்துக்கு உரமா போனானோ! உனக்கு மரம் பாக்கத் தெரியுமாமே? இங்கயே தண்ணி பாய்ச்சு. ஓடிப்போனன்னா உன் கொமாத்ரேயக் கேட்ல தொங்க விடறேன்."

என்னைத்தான் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். கேட்டில் கட்டின கயிறு இன்னும் அவிழ்க்காமல் இருந்தது. "சரிங்க பட்ரோன்" என்றாள்.

அன்றிலிருந்துதான் ஊர் அவளைக் காறித் துப்ப ஆரம்பித்தது. தோர்த்தியா ரொட்டி வாங்கப் போனால் மாவு தீர்ந்துவிட்டது என்பார்கள், அடுத்து வருகிறவளுக்குச் சூடாகச் சுட்டுக் கொடுப்பார்கள். கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். அவள் வாயே திறக்கவில்லை. திறந்தால்தான் உடைந்த பல் தெரியுமே.

மாசி போய்ப் பங்குனி வெயில் வந்தது. மதியத்தில் அவகாடோ இலைகள் கொஞ்சம் தொங்கும், சாயந்திரம் தானே நிமிரும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். இடக்கையன் அதைப் பார்த்துவிட்டுப் பதறினான்.

"மரம் வாடுது! ஏ கெழவி, தண்ணி விடுடி! சாக விடறியா?"

"நேத்துத்தான் விட்டேன் பட்ரோன்."

கன்னத்தில் ஒரு அறை. "எனக்குச் சொல்லித் தரியா? எங்க ஊர்ல இலை தொங்குனா மரத்துக்குத் தாகம். விடு, நெறைய விடு!"

அவன் ஊரில் மணல். ஊற்றுகிற தண்ணீர் எல்லாம் அடியில் ஓடிவிடும், எலுமிச்சை எவ்வளவு ஊற்றினாலும் கேட்கும். எங்கள் பள்ளத்தைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? ஒத்திலியா கன்னத்தைத் தடவிக்கொண்டே பம்பு பக்கம் போனாள். போகிற போக்கில் வடிகாலில் அடைத்திருந்த சருகை ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். எடுத்துவிடவில்லை. மேலும் கொஞ்சம் சருகைக் காலால் தள்ளிவிட்டுப் போனாள்.

சில வாரத்தில் மரத்தடியில் நடந்தாலே கால் சொதசொதவென்று புதைந்தது. ஒரு நாள் கை கழுவுகிற சாக்கில் அவளைத் தொட்டி ஓரம் இழுத்தேன்.

"என்னடி பண்ற கொமாத்ரே?"

அவள் குனிந்து சருகைத் தள்ளி, ஒரு பிடி மண்ணை எடுத்து உடைத்தாள். உள்ளே நூல் மாதிரி வேர்கள். நுனி எல்லாம் கறுத்திருந்தது. சாக்கடை நாற்றம் அடித்தது.

"சோளத்து வேரப் பாத்திருக்கல்ல? பொடிப்பொடியா முடி இருக்கும், அதால உறிஞ்சும். இதுக்கு அந்த முடியே கெடையாது. சருகுக்கு அடியில வெள்ளையா பரவி, நுனியாலதான் குடிக்கும். குடிக்கணும்னா அதுக்கு மூச்சு வேணும். மண்ணுல இருக்கற சந்துபொந்து எல்லாத்தையும் தண்ணிய வெச்சு அடைச்சுட்டா மூச்சு முட்டும். முட்டுனா நுனி அழுகும். அழுகிட்டா முழங்கால் தண்ணில நின்னாலும் ஒரு சொட்டு மேல ஏறாது. மண்ணுல இருக்கற சத்தும் ஏறாது. மேல இலை தாகத்துல தொங்கும்."

"தொங்குனா அவன்..."

"இன்னும் ஊத்துங்கறான். ஊத்தறேன்."

நான் அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். "அடிப்பாவி! பிலேமோன் கையால வெச்ச மரம்டி இதெல்லாம்!"

"அவனே மண்ணுக்குள்ள கெடக்கான், மரத்த வெச்சு நான் என்ன பண்ண?" உடைந்த பல்லுக்கு நடுவில் வார்த்தை சீறி வந்தது. "காய் இருக்கற வரைக்கும் இந்த நாயிங்க போவாது. காய் இல்லன்னா ஒரு நாள் கூட நிக்காது. அது போன அன்னைக்கு நான் மண்வெட்டி எடுத்துட்டு உள்ள போவேன். அவன எடுத்துட்டு வருவேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

பம்பு காவலுக்கு நாச்சோ என்று ஒரு பொடியன் துப்பாக்கியோடு இருந்தான். அவன் மட்டும் மலைப்பக்கத்து ஆள். ஒருமுறை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இடக்கையனிடம், "பட்ரோன், தண்ணி கீழ எறங்கலபோல, நிக்குது" என்றான். "நீ வாய மூடிட்டுப் பம்பப் பாருடா" என்றான் இடக்கையன். எல்லோரும் சிரித்தார்கள். பொடியனும் வாயை மூடிக்கொண்டான்.

இலை நுனிகள் தீய்ந்தன. காய் கல்லு மாதிரி நின்றுபோய் வெயிலில் வெந்து கறுத்தது. அடிக்குமேல் அடி வாங்கினாள் ஒத்திலியா. இடுப்பு பெல்ட்டால், கயிற்றால், ஒரு நாள் ஏணிக் கட்டையால். ஒவ்வொரு அடிக்கும் பிறகு போய் வால்வைத் திறந்தாள். கடைசியில் இடக்கையன் ஊர் தாண்டிப் போய், லெய்வா என்ற ஒரு விவசாய இஞ்சினியரை வீட்டிலிருந்து செருப்புக் காலோடு தூக்கி வந்தான்.

அவர் மண்டி போட்டு மண்ணைத் தோண்டினார். வேரை எடுத்து விரலால் மடக்கினார், பொட்டென்று ஒடிந்தது. முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்து வடிகாலைப் பார்த்தார், சருகைப் பார்த்தார். அப்புறம் ஒத்திலியாவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கிவிட்டது. ஐயோ, முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வார்த்தை போதும், அவளும் நானும் கேட்டில் தொங்குவோம். அவள் அசையவில்லை. வீங்கின முகத்தை அவருக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன இஞ்சினியர்?" துப்பாக்கி முனையை அவர் காதில் வைத்தான் இடக்கையன்.

லெய்வா கையிலிருந்த வேரைக் கீழே போட்டார். "உப்புங்க. மண்ணுல உப்பு ஏறியிருக்கு. இலை நுனி தீஞ்சிருக்கு பாருங்க, அது உப்பாலதான். நல்லா தண்ணி விட்டுக் கழுவணும். இப்ப விடறது பத்தாது, ரெண்டு மடங்கு விடணும்."

"கேட்டியாடி?" என்றான் அவன். "ரெண்டு மடங்கு!"

லெய்வாவை வண்டியில் ஏற்றும்போது ஒத்திலியாவைக் கடந்துதான் போனார். பார்க்கக்கூட இல்லை. அன்றே குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டாராம். எங்கே இருந்தாலும் அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்.

அடுத்த மழைக்குள் தோட்டம் செத்தது. பட்டை வெடித்துச் சீழ் மாதிரி வடிந்தது. இலை எல்லாம் கொட்டி, வரிசை வரிசையாய்க் கம்பு. நடுப்பள்ளத்தில் ஒரே ஒரு மரம் மட்டும் கரும்பச்சையாய், காய் காயாய்த் தொங்கிக்கொண்டு நின்றது. நிழலுக்கு வேறு இடம் இல்லாமல் இடக்கையன் நாற்காலியை அதன் அடியில் போட்டுக்கொண்டான். அதிலிருந்தே பறித்து, உப்புத் தூவி, தோண்டித் தோண்டித் தின்றான். "இது ஒண்ணுதாண்டா ஒழுங்கா தண்ணி குடிக்குது" என்றான்.

ஒரு காலையில் வெளியூர் வியாபாரி லாரியோடு வந்து, மரங்களைப் பார்த்துவிட்டு, இடக்கையன் மூஞ்சிக்கு நேராகச் சிரித்துவிட்டுத் திரும்பிப் போனான். அதோடு இடக்கையனுக்கு வெறி ஏறிவிட்டது. எல்லோரையும் பம்பு பக்கம் நிறுத்தினான்.

"எவன் பண்ணான்? என் தோட்டத்த எவன் கொன்னான்?"

நாச்சோ, பாவம், பேசினான். "தண்ணி நிக்குதுன்னு நான் அப்பவே சொன்னேனே பட்ரோன். நீங்கதான் இன்னும் ஊத்தச் சொன்னீங்க."

கூட்டத்தில் எவனோ ஒருத்தனுக்கு, அவன் ஆட்களிலேயே ஒருத்தனுக்கு, மூக்கால் ஒரு சிரிப்பு வந்துவிட்டது. இடக்கையன் நாச்சோவின் முகத்தில் சுட்டான். பொடியன் தொட்டித் தண்ணீரில் விழுந்தான், தண்ணீர் சிவந்து வாய்க்காலில் இறங்கியது. அதற்குமேல் 'தண்ணீர் அதிகம்' என்ற வார்த்தையை எவன் சொல்வான்? ஒத்திலியாதான் கொன்றாள் என்று இடக்கையனே சொன்னாலும், ஊற்றச் சொன்னது தான்தான் என்று ஆகிவிடும். அவள் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொன்னதத்தான் பட்ரோன் செஞ்சேன்" என்றாள். "ஒரு நாளும் மீறல."

இடக்கையன் துப்பாக்கியைத் தாழ்த்தி அவள் முழங்காலில் சுட்டான். அப்புறம் மரங்களைச் சுட்டான், செத்த மரங்களை, வரிசை வரிசையாக, பைத்தியம் மாதிரி. அவன் ஆட்கள் பழப்பெட்டிக் கொட்டகைக்குத் தீ வைத்தார்கள். சாயந்திரம் வண்டிகள் போய்விட்டன. கொஞ்ச நாளில் அவனையும் எங்கோ சாலையில் வேறொரு கும்பல் வெட்டிப் போட்டது என்று செய்தி வந்தது. "யாரு வெட்டுனா எனக்கென்ன" என்றாள் ஒத்திலியா.

காயம் ஆறுவதற்குள் அவள் காலில் கட்டோடு கழியை ஊன்றிக்கொண்டு மண்வெட்டியோடு தோட்டத்துக்குள் வந்தாள். நானும் வந்தேன். அவளைக் காறித் துப்பின பெண்கள் சிலரும் மண்வெட்டியோடு வேலி ஓரம் வந்து நின்றார்கள். அவள் அவர்களைத் திட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. தோட்டம் பூராவும் சேறு. எங்கே ஆரம்பிப்பது? வாழ்நாள் முழுக்கத் தோண்டினாலும் போதாது. அவள் முகம் அப்போதுதான் முதல்முறை இடிந்துபோனது. அத்தனை அடியிலும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

"எங்கடா இருக்க? சொல்லித் தொலையேண்டா!" என்று சேற்றைப் பார்த்துக் கத்தினாள்.

நான் நிழல் தேடி அந்தப் பச்சை மரத்தடிக்குப் போனேன். கால் புதையவில்லை. குனிந்து தொட்டேன். சுற்றிலும் சேறு, இங்கே மட்டும் பொலபொலவென்று மண். தண்ணீர் எங்கே போனது? கீழே போயிருக்கிறது. கெட்டிப் படலத்தைத் தாண்டிக் கீழே எப்படிப் போகும்? காதுக்குள் அந்தச் சத்தம் திரும்பக் கேட்டது. கிரீச்சென்று. அப்புறம் ஏதோ உடைகிற சத்தம்.

"கொமாத்ரே!" என்று கத்தினேன். "கொமாத்ரே, இங்கதான் ஒடச்சானுங்க! அடிய ஒடச்சிருக்கானுங்க! அதான் தண்ணி எறங்கியிருக்கு, அதான் இது மூச்சு விடுது!"

அவள் நொண்டிக்கொண்டே ஓடி வந்தாள். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினாள். பெண்கள் எல்லோரும் வேலி தாண்டி ஓடி வந்து கூடவே தோண்டினார்கள். இடுப்பாழத்தில் கெட்டிப் படலத்தின் உடைந்த சில்லுகள் வந்தன. அதற்குக் கீழே பூட்ஸ். அப்புறம் கோடு போட்ட சட்டை. சட்டைப் பையில் துருப்பிடித்த ஒட்டுக்கத்தி.

தோட்டம் பூராவும் நாங்கள் பார்த்த வேர் எல்லாம் கறுப்பு. இங்கே வேர் வெள்ளை. தடித்ததும் நூலானதுமாய் வேர்கள் குழிக்குள் இறங்கி, காலர் வழியாகப் போய், கைவழியாக வெளியே வந்து, விலா எலும்புக்குள் புகுந்து, சட்டையோடு சேர்த்து அவனை இறுக்கிக் கட்டியிருந்தன. தூக்கினோம், வரவில்லை. இழுத்தால் எலும்பு கழன்று போய்விடும்.

ஒத்திலியா அந்தக் கத்தியைக் கல்லில் தேய்த்தாள். குழிக்குள் இறங்கி ஒவ்வொரு வேராக அறுக்க ஆரம்பித்தாள். அறுக்க அறுக்க ஈரம் கசிந்தது. "விடுடி!" என்று அடிமரத்தைத் தலையால் முட்டினாள். "விடுடி அவன! இவ்வளவு நாள் தின்னல்ல? போதும்டி! அவன் என் புருஷன்டி!" நெற்றியில் ரத்தம் வழிந்தது. வேலி தாண்டி வந்த பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன், கத்தியைப் பிடுங்கவில்லை.

பெட்டி சின்னதுதான், பழப்பெட்டிப் பலகையை அடித்துச் செய்தது. சட்டைக்குள் இருந்த பொடி வேர்களை மட்டும் பிரிக்க முடியவில்லை. எது நூல், எது வேர் என்று தெரியவில்லை. "கெடக்கட்டும் விடு, கொமாத்ரே" என்றாள் அவள். அப்படியே மூடினோம்.

அந்த வாரமே, வேர் அறுந்த அந்தப் பச்சை மரத்தின் இலை தொங்க ஆரம்பித்தது. பார்த்துவிட்டு வந்து சொன்னேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து பீன்ஸ் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி ஊத்தட்டுமாடி?" என்றேன்.

"வேணாம்" என்றாள். கை நிற்கவில்லை, பீன்ஸ் உடைத்துக்கொண்டே இருந்தாள்.